கவிழ்த்து வைத்த பித்தளை

போன மாதம் ஒருவர் எனக்குப் போன் எடுத்து, பித்தளையைக் கறுப்பாக்குவது எப்படி என்று கேட்டார். நான் முன்பு வேலை செய்த பட்டறையை வாங்கியவர்களிடம் இப்போது வேலை செய்கிறவர். "அண்ணை, உங்கட காலத்தில பழசு மாதிரிக் காட்டுறதுக்கு என்ன மருந்து பாவிச்சனீங்கள்? நாங்கள் வாங்கிற மருந்து கொஞ்ச நாளில உரிஞ்சு போகுது" என்றார். நாங்கள் ஒரு மருந்தும் பாவிக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை ஒளிக்கிறேன் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்தக் கறுப்புக்காக நான் என் முதலாளியோடு சண்டை பிடித்தவன். ஒரு பிள்ளை அந்தக் கறுப்புக்காக எங்கள் பட்டறையில் நின்று அழுதவள். அதை எழுதலாம் என்று மேசையில் வந்து இருந்தேன்.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும். ஸ்கொட்லாந்துக்காரர் விசேஷ நாட்களில் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை உடுப்பார்கள். அதற்குப் பொக்கற் கிடையாது. ஆகவே இடுப்பில் வார் கட்டி, முன்பக்கம் ஒரு தோல் பையைத் தொங்கவிடுவார்கள். ஸ்போரன் என்று பெயர். அந்தப் பையின் வாயில் அரைவட்டமாக ஒரு பித்தளைச் சட்டம் இருக்கும். மூடினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பல தலைமுறைக்கு முந்திய சட்டங்களைப் பார்த்து, அதே பாணியில் புதிதாகச் செய்வது எங்கள் தொழில். உலக்கைக்குப் பூண் போலப் பைக்கு அது. நான் வாய்ப்பூண் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். என் மனைவி பரமேஸ், நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "உவர் வெள்ளைக்காரன்ர கொட்டைப்பெட்டிக்குப் பூண் போடுறார்" என்பாள். வெற்றிலையும் சில்லறையும் போட்டு மடியில் செருகும் ஓலைப்பெட்டியை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஊரில் நான் சீமெந்து ஆலையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவன். இங்கே கனடாவுக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் இடத்தில் ஒரே துளையை ஒரே மாதிரித் துளைத்தேன். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது, டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கிட்ட, ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் அரம் பிடிக்கத் தெரிந்த ஆள் தேவை என்றார்கள். போனேன். பட்டறை முதலாளி, இயன் என்ற நெட்டை மனிதர், என் கையில் ஒரு பித்தளைத் துண்டையும் அரத்தையும் தந்து, விளிம்பை நேராக்கு என்றார். நேராக்கினேன். நாளைக்கு வா என்றார். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

வேலை சொல்ல எளிது. தகட்டில் வடிவத்தைக் கீறி, மயிர் போன்ற வாளால் அறுக்க வேண்டும். பித்தளை அடிக்க அடிக்க இறுகிவிடும். நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டால்தான் மறுபடி வளைந்து கொடுக்கும். அவசரப்பட்டு ஒருமுறை காய்ச்சாமல் விட்டால் விளிம்பு வெடிக்கும். பிறகு மரக்கட்டையில் வைத்து வளைத்து, அரம் போட்டு, கீலும் பூட்டும் வைத்து, கடைசியில் சிற்றுளியால் கோலம் கீற வேண்டும். இலை, வட்டம், பின்னல். உளி உள்ளங்கையில் இருக்கும். பெருவிரல் தகட்டில் ஊன்றி நிற்கும். உளி வழுக்கினால் அந்தக் கோடு தகட்டோடு காலமெல்லாம் இருக்கும்.

இயன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நாங்கள் முடித்த பூணை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவுவார். பிழை இருந்தால் அதை முகம் மேலே தெரிய எங்கள் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டு, தேத்தண்ணீர் போடப் போய்விடுவார். எங்கே பிழை என்று சொல்லமாட்டார், நாங்களே தேட வேண்டும். வேலை சரி என்றால் தன் மேசையில் விரித்திருக்கும் பச்சைக் கம்பளித் துணியில் அதைக் கவிழ்த்து வைப்பார். முகம் கீறுப்படக்கூடாது என்பதற்காக. இனி இதில் ஒருவரும் கை வைக்கத் தேவையில்லை என்று அர்த்தம். என் பூண் முதல்முதலாகக் கவிழ்ந்த அன்று நான் சந்தோசம் தாங்காமல் பரமேஸுக்கு வேலையிடத்திலிருந்தே போன் எடுத்தேன். "கவிட்டு வைச்சதுக்கோ இவ்வளவு புழுகம்?" என்றாள். அவளுக்கு அது வேறு எப்படி விளங்கும்?

கவிழ்த்து வைத்த பூணின் முதுகில் இயன் தன் கையால் பட்டறை முத்திரையையும் வருடத்தையும் குத்துவார். வாடிக்கையாளர்கள் பலருக்கு அது பிடிக்காது. பழசு போல இருக்கட்டும், கறுப்பாக்கித் தாருங்கள், முத்திரை வேண்டாம் என்பார்கள். "புதுசைப் புதுசெண்டுதான் விப்பன். கறுப்பு வேணுமெண்டா கட்டிக்கொண்டு திரியுங்கோ, தானா வரும்" என்பார். அவர் பேசியது இங்கிலீஷ்தான்; எனக்கு அவர் பேச்சு ஞாபகத்தில் எங்கள் தமிழாகவே வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஒரு நவம்பர் கடைசியில், முதல் பனி விழுந்து சேறாகிக் கிடந்த ஒரு காலையில், தர்சினி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் கோப்பை துடைக்கும் துணியில் சுற்றிய ஒரு பொருள். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும், "அங்கிள், நீங்கள் தமிழோ?" என்றாள்.

"ஓம் பிள்ளை."

அவ்வளவுதான், அழத் தொடங்கிவிட்டாள். நான் பதறிப்போய்க் கதிரையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை. துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பழைய வாய்ப்பூண். பழசு என்று அதன் கீலைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. முகம் முழுவதும் செம்பு போல, பச்சைப்பிள்ளையின் தோல் போல இளஞ்சிவப்பாய் இருந்தது. பித்தளை அந்த நிறத்துக்கு வருவதென்றால் புளிப்பில் நெடுநேரம் கிடந்திருக்க வேண்டும். மணந்து பார்த்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

"பழப்புளியோ பிள்ளை?"

"கார்த்திகை விளக்கீட்டுக்கு அம்மான்ர குத்துவிளக்கு மினுக்கினனான் அங்கிள். இதுவும் கறுத்துக் கிடந்தது. நல்ல நாள் வருது, மாமாவும் வரப்போறார், இப்பிடியே கிடக்கக்கூடாதெண்டு… லேசில போகேல்லை. அதான் இரவு முழுக்க ஊறவிட்டனான்."

அவள் சொல்லச் சொல்ல விளங்கிற்று. கணவன் அன்ட்ரூ, ஸ்கொட்லாந்து வழி வந்தவன். மில்லிக்கனில் வீடு. அவன் தகப்பன் ஸ்டூவர்ட் ஒஷாவாவில் தனியே இருக்கிறார். வாத்தியக் குழுவில் பாக்பைப் என்ற பைக்குழல் ஊதிய மனிதர். சுகமில்லை என்று சொல்லி இவர்கள் கலியாணத்துக்கு வராதவர். சுகமாகத்தான் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். தர்சினியின் தாய் இல்லை. தகப்பன் லண்டனில் மகனோடு. அவளுக்கு இங்கே புகுந்த வீடு என்று இருந்தது அந்த ஒரு கிழவர்தான், அவரோ அவள் வாசற்படியை மிதித்ததில்லை. இப்போது இருதயம் பழுதாகி, டொக்டர்மார் கைவிரித்த பிறகு, பரம்பரைப் பூணைக் கம்பளியில் சுற்றி மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். தோல் இற்றுப்போயிற்று, புதுத் தோல் பிடிப்பி. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்கு வந்து என் கையால் உனக்குக் கட்டிவிடுகிறேன் என்று. அவருடைய தகப்பன் அவருக்குக் கட்டிவிட்டதும் அப்படித்தானாம். அன்ட்ரூ வேலையாக வெளியூர் போகும்போது, அதை எங்கள் பட்டறையில் கொடுத்துவிடும்படி இவளிடம் சொல்லியிருக்கிறான். கொடுக்க முந்தி விளக்கீடு வந்துவிட்டது.

"உங்கட வீட்டுக்கு வாறன் எண்டு அந்த மனிசன் சொன்னது இதுதான் முதல் தரம் அங்கிள். திருப்பிக் கறுப்பாக்கித் தாங்கோ, ப்ளீஸ். அவர் காணக்கூடாது."

நான் பூணை இயனிடம் கொண்டு போனேன். கண்ணை மூடித் தடவினார். திறந்து பார்த்தார். "சிவப்பைப் போக்கித் தரலாம். கறுப்புப் போட மாட்டன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கந்தகக் கரைசல் ஒரு தொட்டி போதும். வெந்நீரில் கலந்து முக்கி எடுத்தால் அரை மணியில் கறுப்பு. செய்முறை எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "இது விக்கிற சாமான் இல்லை. ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை. உங்கட கொள்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கோ" என்றேன். அத்தனை வருடத்தில் அவரோடு நான் குரல் உயர்த்தியது அன்றுதான். அடுத்த மேசைக்காரன் மெஷினை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தான்.

இயன் கோபிக்கவில்லை. "அந்த ஆள் இதைப் பிறந்ததில இருந்து தொட்டு வாறார். மருந்துக் கறுப்பு விரலில ஒட்டும், அவருக்கு உடனே தெரியும். அண்டைக்கு அந்தப் பிள்ளை பழுதாக்கினவள் மட்டுமில்லை, ஏமாத்தினவளுமாப் போவாள். நீ சொல்லு, இந்த ரெண்டில எதைத் திருத்தலாம்?" என்றார்.

தர்சினிக்கு அதைச் சொன்னபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களும் உந்த வெள்ளைக்காரரோட சேந்திட்டீங்கள் என்ன" என்றாள். அது எனக்குச் சுட்டது. இன்றைக்கும் சுடுகிறது.

சிவப்பைப் போக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். சக்கரத்தில் கொடுத்தால் ஒரு நொடியில் மினுங்கும், ஆனால் கோடுகளைத் தின்றுவிடும். ஆகவே கையால்தான். அரித்த சுண்ணத்தூளை எண்ணெயில் குழைத்து, மான்தோலில் தொட்டு, கோடு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி. மெல்ல மெல்லச் சிவப்பு விலகி மஞ்சள் எழுந்தது. மஞ்சளோடு அந்தப் பழைய ஆள் கீறிய கோலமும் எழுந்தது. கொடியும் இலையுமாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஆனால் இடது மூலையில் மட்டும் ஓர் இலை அதிகம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இலையின் நடு நரம்பு மற்ற நரம்புகளை விட ஆழம், அதோடு கோணல். உளி வழுக்கிய கோடு! வழுக்கியதை அழிக்க முடியாமல், அந்த ஆள் அதைச் சுற்றி ஓர் இலை கீறி வைத்திருக்கிறான். இயனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

தோல் பிடிக்குமுன் அவர் முதலில் காணட்டும் என்று, பூணை மட்டும் திருப்பி எடுக்க வந்த அன்று தர்சினியின் முகம் தெளிந்திருந்தது. கணவனிடம் சொல்லிவிட்டாளாம். தகப்பனிடம் தான் பேசுகிறேன் என்று அவன் சொல்ல, இவள் மறுத்துவிட்டாள். "நான்தானே மினுக்கினனான். நான்தான் சொல்லோணும்." பிறகு தயங்கினாள். "எனக்கெண்டு வந்து நிக்க இஞ்ச ஒருத்தரும் இல்லை அங்கிள். நீங்களும் அன்ரியும் வருவீங்களோ?"

பெண் பிள்ளை புகுந்த வீட்டில் ஒரு பிழை விட்டால், பெண் வீட்டுப் பெரியவர்கள் கூடப் போய் நிற்பது எங்கள் வழக்கம். அவள் கனடாவிலேயே வளர்ந்தவள். அந்த வழக்கம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. பரமேஸிடம் சொன்னேன். கண்டறியாத ஆட்களுக்கு நாங்கள் எப்படிப் பெண் வீட்டார் என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "வெறுங்கையோட போகேலாது. பயத்தம்பணியாரம் சுடட்டோ?"

ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனில் அந்த வீட்டு யன்னலடியில் குத்துவிளக்கு பளபளவென்று நின்றது. ஸ்டூவர்ட் கில்ட் உடுத்து வந்திருந்தார். நான் பட்டறைக்காரன் என்று அன்ட்ரூ அவருக்கு அறிமுகம் செய்து வைத்தான். மெலிந்து, கழுத்துப் பட்டிக்குள் கழுத்துத் தளர்ந்து. தர்சினி தட்டில் பூணை வைத்து நீட்டினாள். அவர் அதைக் கண்டதும் முகத்தில் இரத்தம் ஏறிற்று. எடுத்தார். என் பக்கம் திரும்பினார். "உங்கட பட்டறையிலதானே குடுத்தது? என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்றார்.

ஓமென்று சொல்ல என் வாய் திறந்தது. சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை தட்டோடு நிற்க வேறென்ன சொல்வது? ஆனால் அவள் முந்திவிட்டாள்.

"அவையில்லை. நான்தான். எங்கட விளக்கை மினுக்கிற மாதிரி மினுக்கினனான். நல்ல நாளுக்குக் கறுத்த பித்தளை வைக்கக்கூடாதெண்டுதான் எங்கட அம்மா பழக்கினவ. எனக்குத் தெரியேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் எழுந்து யன்னலடிக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்ட்ரூ எழும்பப் பார்த்தான். பரமேஸ் கண்ணால் இருத்தினாள். கிழவரின் வலது கை பூணைப் பிடித்திருந்தது. பெருவிரல் மட்டும் அசைந்தது. விளிம்போடு போய், இடது மூலையில் நின்றது. திரும்பவும் போய், திரும்பவும் அங்கேயே நின்றது. பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"இது இலையோ?" என்று கேட்டார்.

நான் கிட்டப் போய், உளி வழுக்கிய கோட்டையும் அதை மூடிய இலையையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். சின்ன வயதில் தேவாலயத்தில் பிரசங்கம் நீளும்போது தகப்பன் மடியில் இருந்து இந்த மூலையைத் தடவிக்கொண்டே இருப்பாராம். இந்த இடத்தில் ஒரு பள்ளம் விரலில் தட்டுப்படும். எங்கேயோ அடிபட்ட நெளிவு என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம். "அப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர். கறுப்பு மூடினதில அவரும் இதைக் கண்டதில்லை" என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது மருந்துக் கறுப்புப் போல ஆகிவிடும். அவர் தர்சினியிடம் திரும்பி, "எனக்குக் கோவம் இருக்கு. அது போக நாள் எடுக்கும்" என்றார். பூணை மகனுக்குக் கொடுக்கவில்லை. கம்பளியில் சுற்றித் தன் கோட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். ஆனால் சாப்பிட்டார். பரமேஸின் பணியாரத்தில் இரண்டை ஒஷாவாவுக்கும் கொண்டு போனார். வரும் வழியில் காரில் தர்சினிக்காக நான்தான் அழுதேன். பரமேஸ் கண்ணைத் துடைக்க ரிசுக் கடதாசியை நீட்டினாள்.

டொக்டர்மார் சொன்ன கணக்கைப் பொய்யாக்கி அந்த மனிதர் அடுத்த வருடமும் இருந்தார். கார்த்திகை பிறந்ததும் தர்சினிக்குத் தானே போன் எடுத்து, "உன்ர விளக்கு நாள் எப்ப?" என்று கேட்டாராம். விளக்கீட்டுக்கு முதல் நாள் வந்தார். கம்பளியை அவிழ்த்தார். ஒரு வருடம் அவர் கை பட்டதில் பூண் மங்கியிருந்தது. "எப்பிடிச் செய்யிறனி எண்டு காட்டு" என்று குசினிக்குள் கதிரை இழுத்துப் போட்டு இருந்தார். அவள் ஊறவிடவில்லை. புளியைத் தொட்டு, தேய்த்து, உடனே கழுவித் துடைத்தாள். விளக்குக்கு ஒரு தரம், பூணுக்கு ஒரு தரம். முடிந்ததும் அவர் அதை வாங்கவில்லை. "உன்ர வீட்டிலயே இருக்கட்டும். அன்ட்ரூவுக்கு நீயே கட்டிவிடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாராம். அந்தப் பனிக்காலம் முடியும் முன்பு அவர் காலமானார்.

எங்கள் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி போலச் சடங்கு ஒன்றும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவரை நினைத்துக் குடும்பம் கூடுகிற ஒரு நாளுக்காக, தர்சினி பூணைத் தோல் பிடிக்க எங்களிடம் கொண்டு வந்தாள். நானும் ஓய்வுக்குக் கிட்ட நின்ற காலம். முதல் நாளே விளக்கோடு சேர்த்து மினுக்கியிருந்தாள். இயனின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணை மூடினார். பெருவிரல் வலது முனையில் தொடங்கி, மெல்ல, இடது மூலை வரை போயிற்று. அங்கே கொஞ்சம் நின்றது. கண்ணைத் திறந்து அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பச்சைக் கம்பளித் துணியில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பினார்.

தர்சினி பயந்துபோனாள். என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என்ன அங்கிள், திருப்பி வைச்சிட்டார்? நான் திரும்பவும் பிழை விட்டிட்டனோ?"

"இல்லை பிள்ளை. இனி அதில ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்லை எண்டு சொல்லுறார்."